சிறார் பெயரில் ஒரு வடிகட்டி: அமெரிக்கப் பொது நூலகங்களில் இணைய அனுமதியின் வரலாறு

2003 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது நூலகங்களில் இருக்கும் இணையக் கணினிகளைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. ‘குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம்’ செல்லும் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். சட்டத்தின் பெயரிலேயே குழந்தைகள் இருந்தார்கள். தீர்ப்பைப் படித்துக்கொண்டு போனால், நீதிபதிகள் மாறி மாறி வாதிட்டது பெரியவர்களைப் பற்றித்தான் என்பது தெரியும். வயதுவந்த ஒரு வாசகர் கேட்டால் நூலகர் வடிகட்டி மென்பொருளை நிறுத்துவாரா, எவ்வளவு நேரத்தில் நிறுத்துவார், அவரிடம் காரணம் கேட்பாரா என்பவையே அங்கே எழுந்த கேள்விகள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதே கணினியில் என்ன உரிமை என்று யாரும் நின்று கேட்கவில்லை. இந்த விடுபடல் தற்செயலானதா? சிறார்களின் நூலகப் பயன்பாட்டை அமெரிக்கா ஒழுங்குபடுத்திவந்த ஒரு நூற்றாண்டுக் கதையில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

வாசலில் இருந்த வயது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த பல பொது நூலகங்களில் 12 அல்லது 14 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. சத்தம் போடுவார்கள், புத்தகத்தைக் கெடுப்பார்கள், மலிவுக் கதைகளைத் தேடி அலைவார்கள் என்பது நிர்வாகிகளின் அச்சம். இதற்கு விலக்காக ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் நகர நூலகத்தில் மினர்வா சாண்டர்ஸ் பிள்ளைகளை உள்ளே அழைத்து, அவர்கள் உயரத்துக்கேற்ற மேசை நாற்காலிகளைப் போட்டுக்கொடுத்தார். 1894-இல் லேக் பிளாசிடில் கூடிய அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில், மில்வாக்கி நூலகர் லூட்டி ஸ்டேர்ன்ஸ் சிறுவர் வாசிப்பு குறித்து ஓர் அறிக்கை வாசித்தார். வயது வரம்பை எடுத்துவிடுங்கள், சிறுவர்களுக்குத் தனி அறை கொடுங்கள் என்பது அதன் கோரிக்கை. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிறுவர் அறைகள் பெருகின. புரூக்ளினின் பிராட் நிறுவனத்தில் 1896-இல் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்திய ஆன் கரோல் மூர், 1906-இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிகள் அனைத்துக்கும் தலைவரானார்.

மூர் கொண்டுவந்த ஒரு வழக்கத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நூலகத்தில் சேரும் குழந்தை ஒரு பெரிய பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன், நூலக விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்பதே அந்த உறுதிமொழியின் பொருள். எழுதத் தெரிந்த குழந்தை எவரானாலும் நூலகத்தோடு நேரடியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தொண்ணூறு ஆண்டு கழித்து இணையக் கணினிக்காக நூலகங்கள் மீண்டும் உறுதிமொழிப் படிவங்களை அச்சிட்டபோது, பல இடங்களில் கையெழுத்திட வேண்டியவர் பெற்றோராகிவிட்டார்.

சிறுவர் அறை வந்ததும் வயது வாசலைவிட்டு விலகி அலமாரிக்குப் போனது. உள்ளே வரலாம், ஆனால் பெரியவர்களின் பகுதிக்குப் போக வேறு அட்டை வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொள்கை அளவில் எதிர்க்க நூலகத் தொழிலுக்கே வெகுகாலம் பிடித்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற ‘நூலக உரிமைச் சாசன’த்தில் வயது பற்றிய பேச்சே இல்லை. 1967-இல் திருத்தியபோதுதான், நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்கக்கூடாத காரணங்களில் வயதும் சேர்ந்தது.

மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறு திசையில் ஓர் அடி வைத்தது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறு கடைக்காரர் 16 வயதுப் பையனுக்குக் கவர்ச்சிப் பத்திரிகைகளை விற்ற வழக்கு அது. 1968-இல் வந்த ‘கின்ஸ்பெர்க்’ தீர்ப்பு, பெரியவர்களுக்கு ஆபாசம் என்று சொல்ல முடியாத ஒன்றைக்கூட சிறார்களுக்கு விற்பதை மாநிலம் தடுக்கலாம் என்றது. ‘சிறார்க்குத் தீங்கானவை’ என்ற சட்ட வகை இதிலிருந்து வேர் பிடித்தது. நூலகச் சங்கம் 1972-இல் தன் நிலையை இன்னும் கூர்மையாகச் சொன்னது: ஒரு குழந்தை எதைப் படிக்கக்கூடாது என்று சொல்ல அதன் பெற்றோருக்கு மட்டுமே உரிமை உண்டு, அதுவும் தங்கள் குழந்தைக்கு மட்டும், நூலகர் பெற்றோரின் இடத்தில் அமர முடியாது.

எனவே இணையம் வருவதற்கு முன்பே இரண்டு கோட்பாடுகள் எதிரெதிரே நின்றன. நூலகரின் கோட்பாடு பெற்றோரைக் காட்டியது. சட்டத்தின் கோட்பாடு மாநிலத்தைக் காட்டியது. இரண்டிலும் குழந்தை மூன்றாமவர்தான்.

ஒரே சட்டத்தில் கசையும் கொடையும்

1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் இரண்டு தனித்தனிச் சரக்குகள் இருந்தன. ஒன்று ‘தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம்’. சிறார்கள் பார்க்கக்கூடிய விதத்தில் அநாகரிகமானவற்றை இணையத்தில் இடுவதைக் குற்றமாக்கியது அது. மற்றொன்று, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தொலைத்தொடர்பு மற்றும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம்வரை தள்ளுபடி தரும் ஏற்பாடு. அது ‘ஈ-ரேட்’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. நெப்ராஸ்காவின் செனட்டர் ஜேம்ஸ் எக்ஸான் இரண்டிலும் இருந்தார். ஒழுக்கச் சட்டத்தின் மூலவர் அவர். தள்ளுபடித் திருத்தத்தை முன்மொழிந்த நால்வரில் ஒருவரும் அவரே. ஒருகையில் கசை, மறுகையில் கொடை.

கசையை உச்ச நீதிமன்றம் 1997 ஜூன் 26 அன்று முறித்துப்போட்டது. பெரியவர்களின் பேச்சுரிமையைக் குழந்தைகளின் அளவுக்குக் குறுக்க முடியாது என்றது. இந்தத் தீர்ப்பில் ஒரு விபரீதமும் ஒளிந்திருந்தது. சட்டத்தை எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று, பெற்றோர் வீட்டிலேயே வடிகட்டி மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், அரசு தலையிடத் தேவையில்லை என்பது. நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியானால் அந்த மென்பொருளை நூலகத்தில் போட்டால் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்பதற்கு நெடுநேரம் ஆகவில்லை. வழக்காடி வென்றவர்களில் ஒருவரான நூலகச் சங்கம், ஆறே நாளில், ஜூலை 2 அன்று, நூலகங்களில் வடிகட்டியைப் பயன்படுத்துவது உரிமைச் சாசனத்துக்கு முரண் என்று தீர்மானம் போட வேண்டியதாயிற்று.

அதற்குள் நகரங்கள் தங்கள் போக்கில் இறங்கிவிட்டன. 1997 தொடக்கத்தில் பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ நூலகக் கணினிகளுக்கு வடிகட்டி போட உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சமரசம் பிறந்தது: சிறுவர் கணினிகளில் வடிகட்டி, பெரியவர் கணினிகளில் இல்லை. மூன்று தலைமுறைக்கு முந்தைய சிறுவர் அறை, பெரியவர் அறை என்ற பிரிவு இப்போது திரைக்குள் குடியேறியது. 1996-இல் அமெரிக்கப் பொது நூலகங்களில் கால்வாசியைச் சற்றே தாண்டியவைதான் வாசகர்களுக்கு இணையம் தந்தன. 2000-இல் அது 95 சதவீதமாகியிருந்தது. சிறிய ஊர் நூலகங்களுக்கும் பில் கேட்ஸின் நூலக அறக்கொடை 1997 முதல் கணினிகளைக் கொண்டுசேர்த்தது. கொள்கை எழுதி முடிப்பதற்குள் கணினி மேசைக்கு வந்துவிட்டது என்பதே பல நூலகக் குழுக்களின் நிலை.

போட்டாலும் வழக்கு, போடாவிட்டாலும் வழக்கு

வர்ஜீனியாவின் லவுடன் மாவட்ட நூலகக் குழு 1997 அக்டோபரில் எல்லாக் கணினிகளிலும், பெரியவர்களுக்கும் சேர்த்தே, ‘எக்ஸ்-ஸ்டாப்’ என்ற மென்பொருளைப் பொருத்த முடிவெடுத்தது. உள்ளூர் வாசகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடைபட்டதாகப் புகார் சொன்ன தளங்களில் பாதுகாப்பான பாலுறவு பற்றிய தகவல் பக்கமும், பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் மேரிலாந்து கிளையும், தடைசெய்யப்பட்ட நூல்களைத் தொகுத்த பக்கமும் இருந்தன. வழக்கை விசாரித்த நீதிபதி லியோனி பிரிங்கெமா சட்டம் படிப்பதற்கு முன் நூலகராக இருந்தவர். 1998 நவம்பரில் அவர் அந்தக் கொள்கை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தார். நூலகம் இணையத்தை வாங்கியபோதே அதை முழுதாக வாங்கிவிட்டது. பிறகு ஒரு பகுதியை மறைப்பது, வாங்கிய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவதற்குச் சமம் என்பது அவர் பார்வை.

அதே ஆண்டில் கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரில் வழக்கு நேரெதிராக வந்தது. 12 வயது மகன் நூலகக் கணினியிலிருந்து ஆபாசப் படங்களை எடுத்தான், நூலகம் தடுக்கவில்லை என்று ஒரு தாய் நகராட்சிமீது வழக்குப் போட்டார். 2001-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் நின்றது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் பார்த்த நூலகக் குழுக்களுக்கு ஒன்று புலப்பட்டது: வடிகட்டி போட வேண்டிய கட்டாயம் இல்லை, போட்டால் வம்பு வரலாம். சட்டம் மட்டுமே தீர்மானித்திருந்தால் கதை இங்கே ஓய்ந்திருக்கும்.

ஓயவில்லை என்பதற்கு மின்னியாபோலிஸ் சாட்சி. அங்கே பன்னிரண்டு நூலகப் பணியாளர்கள், வாசகர்கள் திரையில் வெளிப்படையாகப் பார்க்கும் படங்களால் பணியிடமே தாங்க முடியாததாகிவிட்டது என்று 2000-இல் கூட்டாட்சி வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்தார்கள். மறு ஆண்டு ஆணையம் அதில் நியாயம் இருப்பதாகக் கண்டது. 2003-இல் நூலகம் 4,35,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சங்கத்தின் தீர்மானங்களைப் படிக்கும்போது நூலகர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசியதுபோலத் தோன்றும். மேசையில் உட்கார்ந்திருந்தவர்களின் அனுபவம் அவ்வளவு ஒருமுகமாக இல்லை. வடிகட்டிக்கு ஆதரவாக இயக்கம் நடத்திய டேவிட் பர்ட்டும் ஓரிகனில் நூலகராக இருந்தவரே.

பணத்தோடு வந்த நிபந்தனை

நேரடியாகத் தண்டிக்க முடியாது என்றானபின் நாடாளுமன்றம் கொடையின் பக்கம் திரும்பியது. செனட்டர் ஜான் மெக்கெயின், பிரதிநிதி எர்னஸ்ட் இஸ்டூக் ஆகியோர் முன்னின்ற ‘குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம்’ ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு ஒட்டிக்கொண்டு 2000 டிசம்பர் 21 அன்று கையெழுத்தானது. சுருக்கப் பெயரைச் ‘சிப்பா’ என்றே அங்கே உச்சரிக்கிறார்கள். இணையத்துக்கான ஈ-ரேட் தள்ளுபடியோ, நூலகங்களுக்கான கூட்டாட்சி மானியமோ வேண்டுமென்றால், ஆபாசமான, குழந்தைகளைப் பாலியல்ரீதியாகக் காட்டும் படங்களை எல்லோருக்கும், ‘சிறார்க்குத் தீங்கான’ படங்களைச் சிறார்களுக்கும் தடுக்கும் தொழில்நுட்பத்தைப் பொருத்த வேண்டும். அதோடு இணையப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதி, குறைந்தது ஒரு பொதுக்கூட்டமாவது நடத்தி நிறைவேற்ற வேண்டும்.

சட்டத்தின் வாசகத்தை நெருங்கிப் படித்தால் சில விசித்திரங்கள் தெரியும். அது படங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது; எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிறார் என்பவர் 17 வயது நிரம்பாதவர். வாக்களிக்கும் வயதோடு இதற்குத் தொடர்பில்லை. பள்ளிகள் மாணவர்களின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. நூலகங்களுக்கு அந்தக் கடமையைச் சொல்லவில்லை. முக்கியமானது இது: ‘நேர்மையான ஆய்வு அல்லது சட்டபூர்வமான வேறு நோக்கத்துக்காக’ வடிகட்டியை நிறுத்தலாம் என்ற விதிவிலக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. மானியப் பிரிவில் எவருக்காகவும் நிறுத்தலாம். ஈ-ரேட் பிரிவில் வயதுவந்தவர்களுக்கு மட்டுமே. இந்த வேறுபாடு ஏன் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

நூலகச் சங்கமும் ஓரிகனின் மல்ட்னோமா மாவட்ட நூலகமும் பிறரும் பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தனர். மனுதாரர்களில் ஒருவர் 16 வயதுச் சிறுமி. தன் பாலின ஈர்ப்பைப் பற்றிப் புரிந்துகொள்ள நூலக இணையத்தைப் பயன்படுத்தியவர். குழந்தை ஒன்று வழக்கின் நடுவே வந்து நின்ற அரிய தருணம் அது. எட்வர்ட் பெக்கர் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு 2002 மே 31 அன்று சட்டத்தின் நூலகப் பகுதியை ஒருமனதாக ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதி மென்பொருளின் செயல்பாட்டைப் பற்றியது. ஹோண்டுராஸில் உள்ள ஒரு கிறிஸ்தவ அநாதை இல்லத்தின் தளமும், நெவாடாவின் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க ஆண்கள் சங்கத்தின் தளமும் பாலியல் தளங்கள் என்று அடைபட்டிருந்தன. குறைந்தது பல பத்தாயிரம் பக்கங்கள் இப்படித் தவறாக அடைபடுகின்றன என்று அமர்வு கண்டது. தடுக்க வேண்டியவை பல தப்பி வருகின்றன என்றும் கண்டது.

தவறு ஏன் நேர்கிறது என்று நூலகரால் பார்க்கவும் முடியாது. எந்தத் தளம் எந்த வகையில் அடைபடுகிறது என்ற பட்டியல் மென்பொருள் நிறுவனத்தின் வணிக ரகசியம். பூட்டை உடைத்துப் பட்டியலைப் பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகலாம் என்பதால், 2000-இல் நாடாளுமன்ற நூலகர் அதற்கென்றே ஒரு விலக்கு அளிக்க நேர்ந்தது. 2003-இல் அது நீண்டது, 2006-இல் நீங்கியது. புத்தகத் தேர்வுக்கு எழுத்துபூர்வமான விதிகளும் புகார்ப் படிவங்களும் வைத்திருந்த ஒரு தொழில், இணையத்தில் எதை விலக்குவது என்ற முடிவைத் தான் பார்க்க முடியாத ஒரு பட்டியலிடம் ஒப்படைத்தது. இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட மாற்றம் இதுவே என்பது என் கணிப்பு.

2002 டிசம்பரில் கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆய்வு ஒன்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. வடிகட்டியைத் தளர்வாக வைத்தால் உடல்நலத் தளங்களில் 1.4 சதவீதம் அடைபட்டது. ஆபாசத் தளங்களில் 87 சதவீதம். மிக இறுக்கமாக வைத்தால் ஆபாசத் தளங்கள் 91 சதவீதம் அடைபட்டன, உடல்நலத் தளங்களோ 24 சதவீதம். நான்கு சதவீதக் கூடுதல் காவலுக்காக உடல்நலத் தகவலில் கால்வாசியை இழக்க வேண்டியிருந்தது. மென்பொருளைவிட அதை யார், எவ்வளவு இறுக்கி வைக்கிறார்கள் என்பதே விளைவைத் தீர்மானித்தது. இந்த எண்கள் உச்ச நீதிமன்றத்தின் போக்கை மாற்றவில்லை.

திறக்கச் சொல்ல யாருக்கு உரிமை?

2003 மார்ச்சில் வாய்மொழி விசாரணை நடந்தபோது அரசு வழக்கறிஞர் தியோடர் ஓல்சன் ஒரு வாக்குறுதி தந்தார்: வயதுவந்தவர் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, நூலகர் வடிகட்டியை நிறுத்திவிடலாம். தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் அதைப் பற்றிக்கொண்டார். அச்சில் ஆபாச நூல்களை வாங்காத நூலகம் இணையத்தில் மட்டும் ஏன் வாங்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். நீதிபதிகள் கென்னடியும் பிரேயரும் தனித்தனிக் காரணங்களோடு முடிவில் உடன்பட்டார்கள். நிறுத்துவது நடைமுறையில் கடினமாக இருந்தால் பெரியவர்கள் மீண்டும் வழக்குக்கு வரலாம் என்று கென்னடி கதவைச் சற்றே திறந்துவைத்தார். மாறுபட்ட நீதிபதி சவுட்டர், வாங்கிய கலைக்களஞ்சியத்தில் பக்கங்களை வெட்டியெடுப்பதோடு இதை ஒப்பிட்டார்.

பெரியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்பதால் சட்டம் பிழைத்தது. அந்த வழி இல்லாத சிறார்களைப் பற்றி, அவர்களைக் காப்பது அரசின் நியாயமான அக்கறை என்பதற்குமேல் தீர்ப்பு எதுவும் ஆராயவில்லை. தவறாக அடைபட்ட உடல்நலப் பக்கம் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வேண்டுமென்றால் என்ன செய்வது என்பது கேட்கப்படாமலே போனது.

நிபந்தனையின் எடை எல்லோர்மேலும் ஒரே அளவாக விழவில்லை. 2002 ஜூனில் முடிந்த ஓராண்டில் நூலகங்கள் ஈ-ரேட் வழியாகப் பெற்றது 5.85 கோடி டாலர். வளமான நகரம் அதை உதறலாம். சான் பிரான்சிஸ்கோ 2001-இலேயே சிறுவர் பகுதி தவிர்த்த கணினிகளில் வடிகட்டியைத் தடைசெய்து பணத்தைக் கைவிட்டது. 90 சதவீதத் தள்ளுபடியை நம்பியிருக்கும் ஏழை ஊர் நூலகத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே எந்தப் பிள்ளை வடிகட்டிய இணையத்தைப் பார்க்கிறது என்பது அதன் வயதைப் போலவே அதன் ஊரின் வருவாயையும் பொறுத்ததாகிவிட்டது.

பிறகு வந்த முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சமூக வலைத்தளங்களையும் அரட்டை அறைகளையும் பள்ளி, நூலகக் கணினிகளில் அடைக்க வேண்டும் என்ற மசோதா 2006 ஜூலையில் 410-க்கு 15 என்ற வாக்கில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் தூங்கிப்போனது. 2011-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், பேஸ்புக், மைஸ்பேஸ் போன்றவை இயல்பிலேயே சிறார்க்குத் தீங்கானவை என்று சொல்ல முடியாது எனத் தெளிவுபடுத்தியது. வாஷிங்டன் மாநிலத்தின் வட மத்திய நூலக மாவட்டம், பெரியவர்கள் கேட்டாலும் வடிகட்டியை நிறுத்த மறுத்தது. அதன் கொள்கை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. மிசூரியின் சேலம் ஊர் நூலகத்தில் பூர்வகுடி அமெரிக்கரின் மதத்தையும் விக்கா வழிபாட்டையும் பற்றிய தளங்கள் ‘மாந்திரிகம்’ என்ற வகையில் அடைபட்டன. 2013-இல் வழக்கு சமரசமாகி அந்த வகை திறக்கப்பட்டது. 2024-இல் ஐடஹோ மாநிலத்தின் புதிய சட்டம் சிறார்க்குத் தீங்கான நூல்களுக்காக நூலகங்கள்மீது வழக்குப் போட வழிசெய்ததும், தனி அறை ஒதுக்க இடமில்லாத டானலி ஊரின் சிறு நூலகம் தன்னைப் பெரியவர்களுக்கான நூலகம் என்று அறிவித்துக்கொண்டது. இணையத்தைப் பற்றிய சட்டம் அல்ல அது. ஆனால் ஸ்டேர்ன்ஸ் எடுக்கச் சொன்ன வயது வரம்பு அதன் வழியாக வாசலுக்கே திரும்பியது. கணினி வழக்குகளில், வாஷிங்டனிலும் மிசூரியிலும், வாதிட்டவர்கள் மறுபடியும் பெரியவர்களே.

நூலகச் சங்கம் 2014-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, நூலகங்களும் பள்ளிகளும் சட்டம் கேட்பதைவிட மிக அதிகமாக அடைக்கின்றன என்றது. சட்டத்தைத் திரும்பப் படித்தால் அது உண்மையென்று தெரிகிறது. ஈ-ரேட் பிரிவு சிறார்க்கு மறுப்பது, வடிகட்டியை முழுவதுமாக நிறுத்தும் சலுகையை மட்டுமே. தடை செய்யப்பட்ட படங்கள் இல்லாத ஒரு தளம் தவறாக அடைபட்டிருந்தால், அதைத் தனியாகத் திறந்துவிடுவதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. கேட்பவருக்கு 12 வயதென்றாலும் நூலகர் அதைச் செய்யலாம். பெற்றோர் கையெழுத்தைச் சட்டம் கோரவில்லை. பல நூலகங்களின் இணையக் கொள்கைகள் பெரியவர் எப்படி வடிகட்டியை நிறுத்தக் கேட்கலாம் என்று ஒரு பத்தி எழுதிவைத்திருக்கின்றன. அதே இடத்தில், ஒரு தளத்தைத் திறந்துதரும்படி சிறுவர்களும் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு நாடாளுமன்றமோ நீதிமன்றமோ வேண்டியதில்லை. அந்தந்த ஊர் நூலகக் குழுவின் ஒரு மாதக் கூட்டம் போதும்.